பெரட்டுக்கு வராதவர்

ஆயர் தாவாரில் ஒருவரைத் திட்டுவதற்குப் பைத்தியம் என்ற சொல்லே தேவையில்லை. ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்றால் போதும். பள்ளியில் கணக்கைத் தப்பாகப் போட்டவனுக்கும் அந்தப் பட்டம்தான், பந்தைக் கோலுக்கு வெளியே உதைத்தவனுக்கும் அந்தப் பட்டம்தான். மலாய்க்கார நண்பர்களும் சீன நண்பர்களும்கூட அப்படித்தான் சொன்னார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர், நாடு முழுவதும் ஒரு நோயின் பெயராகிவிட்டது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் வேலைக்கு மனு எழுதும்போது முகவரியை எப்படி எழுதியிருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்குத் தடை. ஒருமுறை தங்கச்சியை நான் அப்படித் திட்டியபோது அப்பா கையை ஓங்கிவிட்டார். அவர் எங்களை அடித்ததே இல்லை என்பதால் அது நன்றாக நினைவிருக்கிறது. காரணம் கேட்டதற்கு யாரும் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்து அத்தைதான் சொன்னார். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம்.

அத்தையிடம் நான் கேட்டதற்குக் காரணம் இன்னொருவர். எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி வளர்ந்த ஓர் அக்கா. பள்ளியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். இப்போது சமூக மனநலச் சேவையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வந்திருந்தபோது, ‘என்ன வேலைக்கா?’ என்று கேட்டேன். ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ என்றார். வேலை தேடித் தருகிறவரா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த மாமா, ‘கை கால் பிடிச்சு விடுறதுலா அது’ என்று திருத்தினார். அக்கா சிரித்தார். ‘ரெண்டும் இல்ல. எங்க அம்மாவுக்கே நான் இன்னும் சரியா சொல்லிப் புரிய வைக்கல’ என்றார்.

அரசாங்கத்தில் அந்தப் பதவிக்கு மலாயில் ‘பெகாவாய் பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்று பெயர். பெமுலிஹான் என்றால் மீட்டெடுத்தல். சாரா கெர்ஜா என்றால் வேலை செய்யும் முறை. நான் மின்நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளன். ஓர் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கும் பக்கத்துக்கும் எங்கள் கையேடுகளில் சாரா கெர்ஜா என்றுதான் தலைப்பு இருக்கும். தமிழில் நாம் தொழில்வழி சிகிச்சை என்று எழுதுகிறோம். ‘தொழில்’ என்றதும் சம்பளம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அக்கா சொன்ன விளக்கம் அதைவிட எளிமையானது. ‘ஒரு மனுஷன் காலையில கண்ண முழிச்சதுலருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் என்னென்ன செய்றானோ அத்தனையும் ஆக்குபேஷன். பல்லு விளக்குறது, பஸ் ஏறுறது, குழம்பு வைக்கிறது, கோயிலுக்குப் போறது. நோய் வந்தா மொதல்ல உடையறது அதுதான். மருந்து டாக்டர் கொடுப்பாரு. அந்த நாள திரும்பக் கட்டுறது எங்க வேலை.’

இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்திலிருந்துதான் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைத் திரும்பக் கட்டுவது என்ற எண்ணம் இந்த ஊருக்கு எப்படி வந்தது, எங்கள் ஆட்களுக்கு அது கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

*

மலாய் மாநிலங்களின் முதல் பெரிய மனநோய் மருத்துவமனை 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் பைத்தியக்கார விடுதி என்பதுதான் அன்றைய பெயர். பிறகு மத்திய மனநோய் மருத்துவமனை ஆனது. 1971இல் பஹாகியா மருத்துவமனை என்று மாற்றினார்கள். மலாயில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் பலகை மாறியும் வசவு மட்டும் மாறவில்லை.

அதற்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு விடுதி இருந்தது. தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் அங்கே நடந்தது. அன்றைய மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களுக்கு வந்த அந்த நோய் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளரிசி. நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்து எழுதினார். வில்லியம் ஃபிளெச்சர் என்ற இன்னொரு மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். 1905ஆம் ஆண்டின் கடைசியில் கோலாலம்பூர் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு குழுவுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. வெள்ளரிசி சாப்பிட்ட குழுவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிக் குழுவில் ஒருவர்கூட இறக்கவில்லை. 1907இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. வைட்டமின் என்ற சொல்லே அதற்குப் பிறகுதான், 1912இல், பிறந்தது.

பொறியாளனாக எனக்கு அந்தச் சோதனையின் வடிவம் பிடிக்கிறது. அது சுத்தமான ஒப்பீடு, அதன் முடிவு பிறகு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ஏன் அந்த இடம்? எல்லாரும் ஒரே சுவருக்குள் இருந்தார்கள். கொடுத்ததைத்தான் சாப்பிட முடியும். எந்த அரிசி வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கத் தேவையில்லை. அக்காவின் வேலையே கேள்வி கேட்பதில்தான் தொடங்குகிறது. அந்த இடத்துக்கு வந்துசேர நூறு வருடம் ஆகியிருக்கிறது.

சுவருக்குள் இருந்தவர்களுக்கு வேலை கொடுத்தால் நோய் குறையும் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி 1796இல் ஒரு விடுதியைத் திறந்தார். சங்கிலியைக் குறைத்துத் தோட்ட வேலையும் தையலும் கொடுத்தார்கள். மனிதனாக நடத்தினால் மனிதனாக நடந்துகொள்வான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பேரரசு முழுவதும் பரவியபோது அதன் செலவுக் கணக்கு மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. காலனியக் காலத்துப் பெரிய மனநோய் மருத்துவமனைகளில் காய்கறித் தோட்டம், சமையற்கட்டு, சலவை, பிரம்பு பின்னல் என்று நோயாளிகள் செய்யாத வேலை குறைவு. அது நோயாளிக்கு நல்லதா, மருத்துவமனைக்கு நல்லதா? இரண்டுக்கும்தான். ஆனால் எது எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டும் கோடு எதுவும் இல்லை.

ஆக்குபேஷனல் தெரபி ஒரு தனித் துறையாக எழுந்தது 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில். கூட்டத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோய் வந்து, உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து கிடந்தவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த தாமஸ் கிட்னரும் கட்டடக் கலைஞர்தான். இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் என் போன்ற வரைபட ஆட்கள் இருவர் இருந்தார்கள் என்று அக்காவிடம் சொன்னபோது, ‘அதான் எங்களுக்கு இத்தனை ஃபார்ம்’ என்றார்.

ஆசியாவுக்கு இது வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் பிறந்து இந்தியர் ஒருவரை மணந்து கமலா நிம்ப்கர் ஆன பெண்மணி, 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் ஆசியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் நாட்டில் நெடுங்காலம் வெளிநாடு போய்த்தான் இதைப் படிக்க வேண்டியிருந்தது. உள்ளூரில் பயிற்சி 1980களில்தான் வந்தது. அக்கா இங்கேயே, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

*

இனி சின்னத் தாத்தா. அத்தை சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அப்போது அத்தைக்கு எட்டு, ஒன்பது வயது.

ஆயர் தாவாருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குடும்பமே பால்மரம் வெட்டியது. தாத்தா, பாட்டி, சின்னத் தாத்தா, மூன்று பேருக்கும் தனித்தனி நிரை. காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். இருட்டு விலகும் முன்னே பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் வெட்டு, பத்துப் பதினொரு மணிக்குப் பால் எடுப்பு, பிறகு ஸ்டோரில் நிறுவை. சின்னத் தாத்தாவுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும், இருபத்தேழு, இருபத்தெட்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவர் பெரட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மண்டோர் வந்து பார்த்தால் வீட்டிலும் ஆள் இல்லை. ராத்திரியிலேயே காட்டுக்குப் போயிருக்கிறார். விளக்கில்லாமல், ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார். பட்டையைத் தாண்டி, பால் வரும் அடுக்கைத் தாண்டி, கட்டை தெரியும் வரைக்கும். ‘மரம் தண்ணி கேட்டுச்சு’ன்னு சொன்னாராம். பல நாளாகத் தூங்கவில்லை என்று பிறகுதான் பாட்டிக்குப் புரிந்திருக்கிறது.

தோட்டத்தில் மரத்தைக் காயப்படுத்துவதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஆள் சோர்ந்து போனதை யாரும் எழுதி வைப்பதில்லை. மரத்தில் காயம் பட்டால் அதற்குக் கணக்கு இருக்கும். தோட்டத்து டிரசர் பார்த்தார். கிராணி கடிதம் எழுதினார். லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘சித்தப்பா கையக் கட்டல. அவரே ஏறி உக்காந்தாரு. எனக்கு ரொட்டி வாங்கியாறேன்னு சொன்னாரு’ என்றார் அத்தை.

சில வருடங்கள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. கிராணி வாசித்துச் சொன்னார். ஆள் நன்றாக இருக்கிறார், வேலை செய்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம். தாத்தாவும் பாட்டியும் இரண்டு நாள் பேசினார்கள். பிறகு தாத்தா ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, தனியாகத்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு பிரம்புக் கூடை. சின்னத் தாத்தா பின்னியது. எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் போட்டு வைத்திருந்த கூடை அதுதான். நான் பத்து வயது வரைக்கும் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அழைத்து வரவில்லை? நான் அத்தையிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அத்தை கோபப்படவில்லை. ‘எங்க வச்சுக்கிறதுடா? லயத்துல வீடு வேலை செய்றவங்களுக்குத்தான். அவரு பேரு அடிச்சாச்சு. மானேஜர் திரும்பச் சேக்க மாட்டேன்னுட்டாரு, மரத்த வெட்டுனவன்னு. ஒரு அறைக்குள்ள நாங்க ஏழு பேரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஒங்க தாத்தா என்ன செய்வாரு?’

*

தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அதில் ஒரு விஷயத்தை நோயின் பக்கமிருந்து பார்த்ததில்லை. தோட்டத்தில் வேலைதான் வீடு. வேலைதான் தண்ணீர், விறகு, பிள்ளைக்குப் பள்ளி, கோயில் திருவிழாவில் வரி கட்டுகிற தகுதி எல்லாம். பெரட்டில் பேர் இருந்தால் நீ மனிதன். கை கால் நன்றாக இருக்கும் ஒருவனுக்கு மனம் சரியில்லை என்றால், அவன் நோயாளி ஆவதற்கு முன்பே வீடில்லாதவன் ஆகிவிடுகிறான். குணமானாலும் திரும்பி வருவதற்கு இடம் கிடையாது. சோகம் என்னவென்றால், மருத்துவமனைக்குள் சின்னத் தாத்தாவுக்கு வேலையும் படுக்கையும் சேர்ந்தே கிடைத்தன. தாத்தா திரும்பி வந்ததும் பாட்டியிடம் சொன்னாராம்: ‘அவன் அங்க நல்லாத்தான் இருக்கான். தோட்டத்துல வேலை பாக்கிறான்.’ எந்தத் தோட்டம் என்று குழந்தையாக இருந்த அத்தைக்குக் குழப்பம். காய்கறித் தோட்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டுகளில் உலகத்தில் இரண்டு விஷயங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தன.

ஒன்று, மனநோய் மருத்துவமனைகளின் கதவு திறக்க ஆரம்பித்தது. 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வரக்கூடிய நிலை ஏற்பட்டது. நம் நாட்டில் 1950களின் பிற்பகுதியில் பினாங்கு பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு வந்தது. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகாமலே’ வைத்தியம் என்ற எண்ணம் மெல்ல வேர் பிடித்தது. இத்தாலியில் பிராங்கோ பசாலியா ஒரு படி மேலே போனார். 1978இல் அங்கே வந்த சட்டம் மனநோய் விடுதிகளையே மூடச் சொன்னது.

இன்னொன்று, நம் தோட்டங்கள் கலைய ஆரம்பித்தன. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்து, பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாகின. எங்கள் குடும்பம் 1980களின் கடைசியில் தோட்டத்தை விட்டு ஆயர் தாவாருக்கு வந்தது.

இந்த இரண்டு கதைகளையும் யாராவது சேர்த்துப் பார்த்தார்களா? மருத்துவமனை, ‘சமூகத்துக்குத் திரும்பிப் போ’ என்று சொல்ல ஆரம்பித்த அதே காலத்தில், எங்கள் ஆட்களின் சமூகம் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. ‘சமூக மனநலம்’ என்ற சொல்லில் சமூகம் என்று ஒன்று ஏற்கெனவே எங்கோ இருப்பதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. தோட்டத்துத் தமிழனுக்கு அது ஒரு முகவரி. முகவரி போனால் சமூகமும் போச்சு.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். தோட்டத்தை விட்டு வந்தபோது மருத்துவமனைக்குப் புது முகவரியை யாரும் எழுதிப் போடவில்லை. தாத்தா அப்போது இல்லை. பாட்டிக்கு எழுதத் தெரியாது. அப்பாவுக்கு எழுதத் தெரியும், அவர் எழுதவில்லை. அதற்குப் பிறகு கடிதம் வந்திருந்தாலும் அது செம்பனைக் காட்டுக்குத்தான் வந்திருக்கும். சின்னத் தாத்தா எப்போது இறந்தார், எங்கே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள், எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

*

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2001இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2010 ஆனது. சமூக மனநல மையம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது அதில்தான். இன்று அந்த மையங்களை மெந்தாரி என்கிறார்கள். மெந்தாரி என்றால் மலாயில் சூரியன். கடைவீட்டிலோ தனி வீட்டிலோ ஒரு மையம் இருக்கும். வேலியும் கிடையாது, வார்டும் கிடையாது. மருத்துவர், தாதி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார்கள். வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார்கள்.

வேலை பற்றிய பழைய கேள்வி அங்கேயும் தொடர்கிறது. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் பசாலியாவின் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நோயாளிகளைக் கூட்டுறவுச் சங்கமாக்கி, அதே வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1973இல் சௌடர் வழக்கின் தீர்ப்பு, மருத்துவமனைகளில் உழைக்கும் நோயாளிகளுக்கும் சம்பளச் சட்டம் பொருந்தும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பல மருத்துவமனைகள் சம்பளம் கொடுக்காமல் வேலையையே நிறுத்திவிட்டன. நோயாளிகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். சும்மா உழைக்க வைப்பது சுரண்டல். சும்மா உட்கார வைப்பதும் ஒரு வகைத் தண்டனைதான்.

இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் முறை 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கியது. அதற்கு முன்பு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து, தயாரானால் வேலைக்கு அனுப்புவோம் என்பார்கள். யாரும் தயாராக மாட்டார்கள். இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். விருப்பம் இருந்தால் போதும், முதலில் உண்மையான சம்பளத்துக்கு உண்மையான வேலை, பிறகு கூடவே நின்று ஆதரவு. நம் நாட்டு மெந்தாரிகளிலும் இந்த முறை நடக்கிறது. முதலாளியிடம் பேசுவது, முதல் வாரம் பஸ்ஸில் கூடப் போவது, மருந்தால் காலையில் தூக்கம் என்றால் நேரத்தை மாற்றிக் கேட்பது எல்லாம் இதில் வரும்.

‘பிரம்புக் கூடை’ என்று நான் சொன்னதும் அக்கா முகத்தைச் சுளித்தார். ‘கூடை பின்னச் சொல்லிக் குடுக்குறவங்கன்னு எங்கள உலகமே கேலி பண்ணும். கூடையில தப்பு இல்ல தம்பி. அவருக்குக் கூடை பின்னப் பிடிச்சுதா, அத வித்தா காசு யாருக்குன்னு கேக்கணும். அதான் வித்தியாசம்.’

பேரும் ஊரும் மாற்றி அக்கா ஒரு கதை சொன்னார். எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, முன்னாள் பால்மரத் தொழிலாளி. மகன் வீட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். நோய் கட்டுக்குள் இருக்கிறது, மருந்தும் ஒழுங்கு. ஆனால் தினமும் நாலு மணிக்கு எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார். வீட்டில் எல்லாருக்கும் பயம், நோய் திரும்பிவிட்டது என்று. தூக்க மாத்திரையைக் கூட்டலாமா என்ற பேச்சு வந்தபோது அக்கா அவரிடம் கேட்டிருக்கிறார்: ‘நாலு மணிக்கு எந்திரிச்சு எங்கம்மா போறீங்க?’ அந்த அம்மா, ‘பெரட்டு’ என்றிருக்கிறார். பிறகு தானே சிரித்து, ‘இல்ல, பழக்கம்’ என்றிருக்கிறார். நாற்பது வருடம் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டவில்லை. பக்கத்தில் காலை உணவுக் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் பேசினார்கள். இப்போது ஐந்து மணிக்கு அந்த அம்மா நாசி லெமாக் பொட்டலம் கட்டப் போகிறார். நாள் கூலி உண்டு. கதவு பிரச்சினை அதோடு முடிந்தது.

‘எல்லாக் கேசும் இப்படி முடியாது’ என்று அக்கா உடனே சேர்த்துக்கொண்டார். ‘பாதிப் பேரு ரெண்டாவது தடவை வர மாட்டாங்க. யாரும் பாத்துருவாங்கன்னு பயம்.’

*

அக்காவிடம் ஓர் எளிய படிவம் இருக்கிறது. ஒரு நாளை மணி வாரியாகப் பிரித்து, எந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், அது உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்கும். அதன் நகல் ஒன்றை வாங்கிவந்து சின்னத் தாத்தாவுக்காக நிரப்பிப் பார்த்தேன். நாலு மணிக்கு எழுதல். பெரட்டு. வெட்டு. பால் எடுப்பு. நிறுவை. மதியம் வரைக்கும் எழுத முடிந்தது. தோட்டத்து வரலாறு தெரிந்த யாரும் அதை எழுதிவிடலாம். மதியத்துக்கு மேல் எல்லாக் கட்டமும் காலி. ‘பிடிக்குமா’ என்ற வரிசை முழுக்கக் காலி. அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, தோட்டத்துக்கும் தெரிந்ததுதான்.

அத்தைக்கு போன் செய்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘சாயங்காலம் தென்னங்குருத்துல கிளி செஞ்சு குடுப்பாரு. லயத்துப் புள்ளைங்க பூரா அவரு பின்னாலதான் நிக்கும்.’ அதை ஐந்து மணிக் கட்டத்தில் எழுதினேன்.

மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்து இருந்தால் நல்லது, அவர்தான் நெருங்கிய உறவு. அப்பா இன்னும் போடவில்லை. ‘தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல எதுக்குடா இது?’ என்கிறார். அவர் கேட்பதும் எனக்குப் புரிகிறது. பரம்பரையில் ஒருவர் தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தார் என்று தெரிந்தால் பேச்சு நின்றுபோன இடங்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். தாத்தாவுக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் காரணம். அப்பாவுக்கு ஒரு பெண் பிள்ளை காரணம். ஐம்பது வருடமாக அவர் திரும்பி வராமல் இருப்பதற்கு நாங்கள் பெண்களைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் தங்கச்சியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுக்க வாசித்தாள். ‘கூடை எங்க போச்சு?’ என்று மட்டும் கேட்டாள். பழையதாகிவிட்டது என்று அம்மா எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்.

விண்ணப்பத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். கீழே இருந்த இடத்தில் அவள் போட்டுவிட்டாள். அப்பாவின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.